யாரும் தொடாமலே டேட்டா தீர்கிறதா? சாட்டிலைட் இணையத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கேபிளும் ஃபைபரும் எட்டிப் பார்க்காத பண்ணை வீடுகளிலும் மலைப்பக்கத்து ஊர்களிலும் இருப்பவர்களுக்கு ஹியூஸ்நெட், வயாசாட் மாதிரியான சாட்டிலைட் இணையம்தான் பல வருடங்களாக ஒரே வழியாக இருந்தது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு சாட்டிலைட்டை ஏகப்பட்ட வீடுகள் பங்கு போட்டுக்கொள்வதால் டேட்டாவை அளந்துதான் தருவார்கள். முன்பு ஹியூஸ்நெட்டின் அடிப்படைத் திட்டத்தில் ஒரு நாளுக்கே 200 எம்பிதான். 2017ல் வந்த ஜென்5 திட்டங்களில் மாதத்துக்கு 10 முதல் 50 ஜிபி வரை. அவற்றில் டேட்டா தீர்ந்துபோனால் இணைப்பு நிற்காது, 25 எம்பிபிஎஸ் வேகம் 1 முதல் 3 எம்பிபிஎஸ் வரை இறங்கிவிடும். பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மருத்துவரோடு வீடியோ பேச்சு எல்லாம் அதோடு தள்ளாட ஆரம்பிக்கும். அதனால்தான் "ராத்திரி யாருமே தொடல, காலைல பார்த்தா 3 ஜிபி காணோம்" என்று ஒருவர் சொன்னால் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் காரணம் தேடும் விதத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு, எடுத்த எடுப்பில் "கம்பெனி மீட்டர் (எவ்வளவு டேட்டா போனது என்று அவர்கள் வைக்கும் கணக்கு) பொய் சொல்கிறது" என்று முடிவு கட்டிவிடுவது, அல்லது அதற்கு நேர் எதிராக "ஏதோ வைரஸ்" என்று கம்ப்யூட்டரை அழித்து விண்டோஸை மறுபடி போடுவது. இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் புதிதாகப் போட்ட விண்டோஸ் விட்டுப்போன அப்டேட் எல்லாவற்றையும் திரும்ப இறக்கி, இருக்கிற டேட்டாவையும் தின்றுவிடும். இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. படுக்கப் போகும்போது, சாட்டிலைட் சிக்னலை வாங்கும் மோடத்திலிருந்து அதை வீட்டுக்குள் பிரித்துத் தரும் ரௌட்டருக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டு, மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மோடம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். காலையில் மாட்டுவதற்கு முன்பே ரீடிங்கைப் பாருங்கள், போன் சிக்னல் கிடைக்கும் இடமென்றால் போனின் சொந்த டேட்டாவிலேயே கணக்கைத் திறந்து பார்க்கலாம். ரீடிங் அப்படியே நின்றிருந்தால் டேட்டாவைத் தின்பது உங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று. கேபிள் கழன்றிருந்தும் ஜிபி கணக்கில் ஏறியிருந்தால் அது கம்பெனி பதில் சொல்ல வேண்டிய விஷயம். மீட்டர் உடனுக்குடன் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம் என்பதால் கழற்றிய பிறகு கொஞ்ச நேரம் விட்டு முதல் ரீடிங்கை எடுப்பது நல்லது.

இந்தச் சோதனையையே வீணாக்கும் ஒரு விஷயம் உண்டு. ஜென்5 மோடத்திலேயே வைஃபை இருக்கிறது. நிறையப் பேர் சொந்த ரௌட்டரை வாங்கி மாட்டிவிட்டு மோடத்தின் வைஃபையை அணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பழைய டேப்லெட்டும் டிவியும் ரௌட்டரைச் சுற்றிக்கொண்டு நேரே மோடத்தோடு பேசிக்கொண்டிருக்கும், நீங்கள் ரௌட்டரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, ஒரே ஒரு கம்ப்யூட்டரில் டேட்டா கணக்கு பார்த்துவிட்டு அதை கம்பெனி மீட்டரோடு ஒப்பிடுவது. விண்டோஸ் காட்டும் கணக்கு அந்த ஒரு கம்ப்யூட்டருடையது மட்டும். மோடம் வழியாகப் போவது போன், டிவி, கேமரா, கேம் கன்சோல் என்று எல்லாமே. கணக்கு வைக்கும் சில மென்பொருள்கள் வீட்டுக்குள்ளேயே பிரிண்டருக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் போகிற தகவலையும் சேர்த்து எண்ணிவிடும், அது சாட்டிலைட் பக்கமே போகாது. இன்னொன்று, 1000த்தால் பெருக்கி எண்ணும் ஜிபிக்கும் 1024ஆல் பெருக்கி எண்ணும் ஜிபிக்கும் 7 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும், ஒரு கணக்கில் 10 என்பது இன்னொன்றில் 9.3. இதை வைத்துச் சண்டை போடுவதில் பலனில்லை. சாதனம் சாதனமாகக் கணக்கு வேண்டுமென்றால் அதை ரௌட்டரில்தான் எடுக்க வேண்டும். கார்கோயில், டொமேட்டோ மாதிரியான ஃபர்ம்வேர் (ரௌட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) போட்ட ரௌட்டர் எந்தச் சாதனம் எவ்வளவு இழுத்தது என்று பிரித்துக் காட்டும். என்னைக் கேட்டால் அளவு வைத்த இணைப்பில் இருப்பவர்கள் முதலில் காசு செலவழிக்க வேண்டியது இதற்குத்தான், கூடுதல் டேட்டா டோக்கனுக்கு அல்ல.

அப்புறம், "யாரும் எதையும் பார்க்கவில்லை" என்பதையும் "எதுவும் ஓடவில்லை" என்பதையும் ஒன்றாக நினைப்பது. இங்கேதான் பெரும்பாலான ஜிபி காணாமல் போகிறது. நல்ல உதாரணம் 2015ல் நடந்தது. விண்டோஸ் 7, 8 வைத்திருந்தவர்களின் கம்ப்யூட்டரில், அவர்கள் கேட்காமலே, விண்டோஸ் 10க்கான பல ஜிபி கோப்புகள் மறைவான ஃபோல்டர் ஒன்றில் இறங்கின. நகரத்தில் பலர் இதைக் கவனிக்கவே இல்லை, 10 ஜிபி திட்டத்தில் இருந்தவருக்கு அது பாதி மாதம். விண்டோஸ் 10 வந்த புதிதில், இறக்கிய அப்டேட்டை இணையத்தில் இருக்கும் வேறு யாருடைய கம்ப்யூட்டருக்கோ அனுப்பும் வசதியும் ஹோம், ப்ரோ பதிப்புகளில் முன்கூட்டியே ஆன் செய்யப்பட்டிருந்தது. டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற பெயரில் அது செட்டிங்ஸில் இருக்கும், அணைத்துவிடலாம். இணைப்பை மீட்டர்டு, அதாவது டேட்டா அளவு உள்ளது, என்று விண்டோஸில் குறித்து வைப்பதும் உதவும், ஆனால் அதை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் நிறைய.

மேலே போகும் டேட்டாவை மறப்பதும் இதில் சேரும். இறக்குவது மட்டுமல்ல, ஏற்றுவதும் கணக்கில் வரும். ஊருக்குப் போய் நானூறு படம் எடுத்துவிட்டு வந்து போனைச் சார்ஜில் போட்டால், கூகுள் ஃபோட்டோஸோ ஐகிளவுடோ ராத்திரியெல்லாம் ஏற்றிக்கொண்டிருக்கும். வாசலில் மாட்டிய பாதுகாப்பு கேமரா நிற்காமல் 1 எம்பிபிஎஸ் அளவில் அனுப்பினால் ஒரு நாளைக்கே 10.8 ஜிபி.

சின்னக் கசிவுதானே என்று விடுவதும் தப்பு. விநாடிக்கு வெறும் 100 கிலோபிட் நாள் முழுக்க ஓடினால், வேகத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது, ஆனால் தினமும் 1 ஜிபிக்கு மேல் போய்விடும், மாதத்துக்கு 32 ஜிபி. பெரிய வேகத்தின் கதை வேறு மாதிரி. 25 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் இழுத்தால் 10 ஜிபி திட்டம் ஒரு மணி நேரத்துக்குள் காலி. "நேற்று வரைக்கும் இருந்தது, இன்றைக்கு எப்படித் தீரும்?" என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இதுதான்: ஒரே ஒரு கேம் டவுன்லோட்.

நெட்ஃபிளிக்ஸில் எச்டி தரம் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும், குறைந்த தரம் 0.3 ஜிபிதான். தரத்தைக் குறைக்கும் அமைப்பு ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் தனி. அப்பா தன் ப்ரொஃபைலில் குறைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார், பிள்ளையின் ப்ரொஃபைல் எச்டியிலேயே ஓடும். டிவியோடு மாட்டி இணைய வீடியோ பார்க்கும் ரோகு மாதிரி தனிப் பெட்டியில் பார்ப்பவர்கள் டிவியை மட்டும் அணைத்தால் போதாது, பெட்டி உள்ளே அடுத்த எபிசோடை இழுத்துக்கொண்டே இருக்கக்கூடும். படத்திலிருந்து வெளியே வந்து முகப்புக்குப் போன பிறகு டிவியை அணையுங்கள்.

ஜென்5 திட்டங்களில் அதிகாலை 2 மணியிலிருந்து 8 மணி வரை தனியாக 50 ஜிபி போனஸ் இருந்தது. உங்கள் திட்டத்தில் அப்படி இருந்தால் பெரிய அப்டேட் எல்லாவற்றையும் அதில் போடுவது சரியான யோசனைதான், ஆனால் கம்ப்யூட்டர் தூக்க நிலையில் இருந்தால் அந்த நேரத்தில் எதுவும் இறங்காது, நீங்கள் காலை ஒன்பதுக்கு மூடியைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கி முக்கிய டேட்டாவைத் தின்னும். அந்த ஆறு மணி நேரம் அது விழித்திருக்கிறதா என்று பாருங்கள், 8 மணிக்கு முன் நிற்கும்படியும் அமைத்துவிடுங்கள்.

வைஃபை பாஸ்வேர்டைப் பற்றிச் சுருக்கமாக: அதை மாற்றுங்கள். பக்கத்து வீடு அரை மைல் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. எல்லாச் சாதனமும் துண்டிக்கப்படும், ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது ஒவ்வொரு நாள் இடைவெளி விட்டு ரீடிங் பாருங்கள். தனி ரௌட்டர் வாங்க முடியாதவர்களுக்குக் குற்றவாளியைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை.

கேபிள் கழன்ற நிலையிலும் மீட்டர் ஏறினால் வாடிக்கையாளர் சேவையில் கத்தாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அமெரிக்காவில் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்சிசியிடம் இலவசமாகப் புகார் கொடுக்கலாம், அது கம்பெனிக்குப் போகும், 30 நாளுக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். அதில் "டேட்டா சீக்கிரம் தீர்கிறது" என்று பொதுவாக எழுதாமல், கேபிளைக் கழற்றிய நேரம், அப்போதைய ரீடிங், மாட்டிய நேரம், அப்போதைய ரீடிங், மோடத்தின் வைஃபை அணைந்திருந்தது என்ற தகவல், இவற்றோடு இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.