நண்பருடன் ஒரு நாள்: இங்கிலாந்து வயலில் உலோகம் தேடும் முறை

கோதுமை அறுவடை முடிந்து வயலில் அரிதாள் மட்டும் நிற்கும் ஆகஸ்ட், செப்டம்பர் வாரங்களே கிழக்கு இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டருடன் மண்ணில் இறங்க ஏற்ற காலம். சஃபோக் மாவட்டத்தில் குடியேறிய பிறகு இதைக் கற்றுக்கொண்டவன் நான். ஆறு ஆண்டுகளாக ஒரே நண்பருடன்தான் வயலுக்குச் செல்கிறேன். புதிதாகத் தொடங்க விரும்புகிறவர்கள் முதலில் கருவியின் விலையைத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை பல உள்ளன. அவற்றை ஒரு நாளின் போக்கிலேயே சொல்கிறேன்.

நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. வயலின் குறுக்கே பொது நடைபாதை இருந்தால் அதில் நடக்கும் உரிமை மட்டுமே நமக்கு உண்டு. தேடும் உரிமையோ தோண்டும் உரிமையோ அதனால் கிடைப்பதில்லை. அனுமதியின்றி எடுத்துச் செல்வது திருட்டாகவே கருதப்படும். நிலம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் உரிமையாளர், குத்தகைதாரர் ஆகிய இருவரிடமும் கேட்க வேண்டும். நாங்கள் ஒரு தாளில் நான்கே வரிகள் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வோம்: எந்தெந்த வயல், எந்த மாதம் வரை, கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு, வண்டியை எங்கே நிறுத்துவது. உரிமையாளருக்குப் பாதி, கண்டெடுத்தவருக்குப் பாதி என்பதே இங்குள்ள பொது வழக்கம். பெரும்பாலான விவசாயிகளின் கவலை புதையலைப் பற்றியது அன்று. மூடாமல் விட்ட குழியில் மாட்டின் கால் மாட்டிக்கொள்ளுமோ என்பதும், திறந்து விட்ட படலைப் பற்றியதுமே. அந்தக் கவலையை நாமே முதலில் எடுத்துப் பேசினால் அனுமதி எளிதில் கிடைக்கும்.

அனுமதி கிடைத்தாலும் எல்லா நிலத்திலும் தேடிவிட முடியாது. பட்டியலிடப்பட்ட தொல்சின்னங்கள் உள்ள இடத்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் இசைவின்றி டிடெக்டரைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அரசின் 'மேஜிக்' என்னும் இணைய வரைபடத்தில் இந்த எல்லைகளைப் பார்க்கலாம். முந்தைய நாள் இரவே பார்த்துவிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் இராணுவ விமானங்கள் விழுந்த இடங்களும் சஃபோக்கில் பல உண்டு. அவை 1986ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இன்றி அவற்றைத் தொடக் கூடாது.

அடுத்தது நண்பர்கள் இருவருக்குள் செய்துகொள்ள வேண்டிய ஒப்பந்தம். ஒரே நாளில் ஒருவர் பை நிறைந்தும் மற்றவர் பை காலியாகவும் இருப்பது இயல்பு. கிடைப்பதை இருவரும் பகிர்வதா, எடுத்தவருக்கே விடுவதா, ஒருவருடைய கருவி காட்டிய இடத்தில் மற்றவர் தோண்டினால் கண்டெடுத்தவர் யார் என்பதையெல்லாம் கைகள் வெறுமையாக இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும்; கையில் தங்கம் பளபளக்கும்போது பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். நாங்கள் எல்லாவற்றையும் சமமாகப் பகிர்வது என்று முதல் நாளே எழுதிக்கொண்டோம். அதன் பிறகு நண்பர் ஒரு நல்ல பொருளைக் கண்டெடுத்தால் எனக்கும் அதே மகிழ்ச்சி உண்டாகிறது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இடைநிலை விலையில் உள்ள எந்தக் கருவியும் தொடங்கப் போதும். தலையில் மாட்டும் ஹெட்போன், குழிக்குள் பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும் பின்பாயிண்டர், குறுகிய அலகுள்ள உறுதியான ஸ்பேடு, கையுறை, சிறு பிளாஸ்டிக் உறைகள், பேனா, குறிப்பேடு, தண்ணீர் ஆகியவை அவசியம். டெட்டனஸ் தடுப்பூசி நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த முள்வேலிக் கம்பி எல்லா வயலிலும் உண்டு. பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டை டிடெக்டர் சங்கங்களின் உறுப்பினர் கட்டணத்தோடு சேர்த்தே பெறலாம். அந்தச் சான்றைக் காட்டினால் விவசாயிக்கும் நம்பிக்கை ஏற்படுகிறது.

வயலில் இறங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று: இருவரும் விலகி நிற்பது. கருவியின் சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதன் எதிர்வினையைச் சுருள் உணர்கிறது. ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் இரண்டு கருவிகள் நெருங்கினால் ஒன்றின் புலத்தை மற்றது உலோகமென்று எடுத்துக்கொண்டு ஓயாமல் கத்தும். பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளி விட்டு, அதிர்வெண்ணைச் சற்று மாற்றிக்கொண்டால் சிக்கல் தீரும். பிறகு, உலோகம் இல்லாத ஓரிடத்தில் கருவியை மண்ணின் தன்மைக்கேற்பச் சமன்செய்ய வேண்டும்.

சுருளைத் தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் தூக்காமல், ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி, மெதுவாக நடக்க வேண்டும். புதியவர்கள் ஊஞ்சல் ஆடுவது போல வீச்சின் இரு முனைகளிலும் சுருளை உயர்த்திவிடுகிறார்கள். அங்கே ஆழம் இழக்கப்படுகிறது. வாசல் பெருக்கும் துடைப்பம் போல அது தரையோடு தரையாகவே செல்ல வேண்டும். வயலின் நீளவாக்கில் நான் ஒரு பட்டையைத் தேடி முடித்தால், அதே பட்டையை நண்பர் குறுக்குவாக்கில் தேடுவார். மண்ணில் செங்குத்தாக நிற்கும் நாணயம் ஒரு திசையில் மௌனமாக இருந்து மறு திசையில் ஒலிக்கலாம். எங்களுக்குக் கிடைத்த நல்ல பொருட்களில் சில, ஒருவர் கடந்து சென்ற இடத்தில் மற்றவருக்குக் கிடைத்தவைதான்.

இரும்பு தாழ்ந்து உறுமும். வெள்ளியும் செம்பும் உயர்ந்த, தெளிவான ஒலி தரும். ஒலியோடு கருவியின் திரையில் தோன்றும் எண்களில், இடையிலுள்ளவற்றில்தான் குழப்பம்: குளிர்பான டப்பாவின் வளையமும் சன்னமான தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். ஆகவே முதல் ஆண்டில் இரும்பைத் தவிர எல்லாவற்றையும் தோண்டிப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. ஈயக் குண்டு, பொத்தான், வார்ப்பூட்டு என்று பத்துக் குழிகளுக்குப் பிறகு மெல்லிய வெள்ளிப் பென்னி ஒன்று வரலாம். நகத்தின் கனம்கூட இல்லாத அந்தக் காசு சில சமயம் பாதியாகவோ காலாகவோ வெட்டப்பட்டிருக்கும். அது பிற்கால உழவுக் கலப்பையின் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 1279-80இல் முதலாம் எட்வர்ட் வட்டமான அரைப் பென்னியையும் கால் பென்னியையும் வெளியிடும் வரை, சில்லறைக்காக மக்கள் முழுக் காசையே வெட்டிப் பயன்படுத்தினார்கள்.

உழுத மண்ணில் தோண்டுவது எளிது. புல்வெளியாக இருந்தால் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தில் வேர் அறாமல், புத்தகத்தின் அட்டையைத் திறப்பது போலப் புல்கட்டியைப் புரட்ட வேண்டும். எடுத்த மண்ணை ஒரு துணியில் குவித்து, வேலை முடிந்ததும் அப்படியே குழியில் கொட்டிப் புல்லை மூடி மிதித்துவிட்டால் இரண்டு வாரத்தில் தடம் தெரியாது. கலப்பை புரட்டும் மேல்மண்ணுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. மேல்மண்ணில் கிடப்பவை ஏற்கெனவே இடம் பெயர்ந்தவை. அதற்குக் கீழே உள்ளவை வைத்தவர் வைத்த இடத்திலேயே இருப்பவை.

இனிச் சொல்வதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒவ்வொரு பொருளையும் தனி உறையில் இட்டு, கைப்பேசி காட்டும் இட எண்ணை அங்கேயே நின்று எழுதுங்கள். என் இரண்டாம் ஆண்டில் ஒரு சிறு வெண்கல உடையூசியைக் கண்டெடுத்து, மழை தூறியதால் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன். பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருட்களைப் பதிவு செய்யும் மாவட்டக் கண்டெடுப்பு அலுவலர் அதைப் பார்த்ததும், ரோமானியர்களுக்குப் பிந்தைய ஆங்கிலோ சாக்சன் காலத்தது என்று சொல்லி, எந்த இடத்தில் கிடைத்தது என்று கேட்டார். இந்த வயலில் என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. அத்தகைய ஊசிகள் நான்கைந்து ஓரிடத்தைச் சுற்றிக் கிடைத்தால், உழவில் கலைந்த இடுகாடு ஒன்று கீழே இருப்பதை அறிய முடியும். என் ஊசியால் அந்தப் பயன் இல்லாமல் போயிற்று. அன்று முதல் ஒருவர் தோண்டும்போது மற்றவர் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். இருவராகச் செல்வதன் உண்மையான பயன் இதுதான்.

ஒரே குழியிலிருந்து இரண்டு மூன்று காசுகள் தொடர்ந்து வந்தால் தோண்டுவதை உடனே நிறுத்துங்கள். 1992 நவம்பரில் சஃபோக்கின் ஹாக்ஸன் ஊரில், விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிச் சென்ற எரிக் லாஸ், ரோமானியப் பொற்காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வரத் தொடங்கியதும் வேலையை நிறுத்தித் தகவல் கொடுத்தார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தார்கள். பதினைந்தாயிரத்தை நெருங்கும் நாணயங்கள் கிடைத்ததோடு, அவை ஒரு மரப்பெட்டிக்குள் சிறு பெட்டிகளில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் அறிய முடிந்தது. ஆசையில் முழுவதையும் அள்ளியிருந்தால் அந்த அடுக்கு அழிந்திருக்கும். அத்தகைய தருணத்தில் ஒருவர் குழியருகே காவலாக இருக்க, மற்றவர் உரிமையாளரிடம் செல்ல வேண்டும். யாரும் படத்தை வெளியிடக் கூடாது.

சட்டம் சொல்வதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேல் பழமையானதும் எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ கொண்டதுமான பொருள் புதையல். தனி நாணயம் புதையல் ஆகாது. ஒன்றாகக் கிடைத்த தங்க, வெள்ளி நாணயங்கள் இரண்டு இருந்தாலே புதையல். வேறு உலோகமானால் பத்து வேண்டும். 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, தனிச்சிறப்பு வாய்ந்த உலோகப் பொருட்களும் 2023 ஜூலை முதல் இதில் சேர்ந்துள்ளன. கண்டெடுத்த 14 நாட்களுக்குள், இறப்புகளை விசாரிக்கும் கரோனருக்கே இதையும் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் மாவட்டக் கண்டெடுப்பு அலுவலர் அதற்கு உதவுகிறார். அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் அதன் மதிப்பு பரிசாக வரும். ஸ்காட்லாந்திலும் வடக்கு அயர்லாந்திலும் விதிகள் வேறு, இன்னும் கடுமையானவை.

கருவியை விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர்களுக்கு: அதை இங்கேயே விட்டுச் செல்லுங்கள். இந்தியாவில் மண்ணுக்குள் கிடைக்கும் புதையலைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறு ஆண்டு கடந்த பொருட்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. கீழடியும் ஆதிச்சநல்லூரும் உள்ள மண்ணில் விருப்பப்படி குழி தோண்டினால் எவ்வளவு தடயம் அழியும் என்பது சொல்லாமலே விளங்கும்.

வயலில் போர்க்காலக் குண்டு போன்ற எதையேனும் கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, விலகிச் சென்று 999ஐ அழையுங்கள்.

மாலையில் புறப்படுமுன் குப்பையாகக் கிடைத்த ஈயம், கம்பி, டப்பா அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஆடுமாடு மேயும் நிலத்துக்கு அதுவும் ஒரு நன்மை. அன்று கிடைத்தவை எல்லாவற்றையும், ஒரு பொத்தானைக்கூட விடாமல், விவசாயியின் முன் பரப்பிக் காட்டுங்கள். வீட்டில் எதையும் தேய்க்க வேண்டாம்: வெண்கலத்தின் பச்சைப் படலம் போனால் எழுத்தும் உருவமும் சேர்ந்தே போய்விடும். உறையைத் திறந்து வைத்து நிழலில் உலர விடுவதே போதும். பிறகு அலுவலரிடம் கொடுத்தால் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் நடத்தும் தொல்பொருள் பதிவுத் திட்டத்தில் அது எண் பெறும். பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் உள்ள அந்தப் பதிவில் எங்கள் பெயரில் இப்போது பதினொன்று உள்ளன. பத்துக்குச் சரியான இட எண் உண்டு. அந்த உடையூசிக்கு மட்டும் ஊரின் பெயரே இருக்கிறது. வரும் செப்டம்பரில் அதே வயலின் வடக்கு ஓரத்தில், மூன்று மீட்டர் பட்டைகளாகக் கயிறு கட்டித் தேடப் போகிறோம்.