கோடைக் கடைசியில் ஏரி மீன்பிடிப்பு: தூண்டிலை எந்த ஆழத்தில் இறக்குவது?

கோடை முடியும் தறுவாயில் ஏரிக்குத் தூண்டிலோடு வரும் புதியவர் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்: மேலே வெயில் காய்கிறது, ஆகவே மீன் ஆழத்துக்குப் போயிருக்கும், தூண்டிலை அடித்தரை வரைக்கும் இறக்கிவிட வேண்டும். இக்கணக்கின் முன்பாதி ஓரளவு சரி; பின்பாதிதான் அவரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புகிறது. சத்து மிகுந்து பச்சையேறிய ஆழமான ஏரியில், இந்தப் பருவத்தில் அடித்தரையில் குளிர்ச்சி இருக்குமே தவிர, மீன் சுவாசிப்பதற்குப் போதிய ஆக்சிஜன் இருக்காது. குளிர்ச்சியும் ஆக்சிஜனும் ஒருசேரக் கிடைக்கும் ஆழத்தைக் கண்டுபிடித்து, இரையை அங்கே நிறுத்துவதே இந்த வாரங்களில் தூண்டில்காரரின் வேலை. அதற்கு ஒரு வெப்பமானி, மீட்டர் அளவு குறித்த கயிறு, ஒரு வெள்ளைத் தட்டு, சாதாரணத் தூண்டில் கம்பு ஆகியவை போதும். கோடைக் கடைசி என்று நான் சொல்வது வட அரைக்கோளத்தில் ஆகஸ்ட் மாதத்தையும் செப்டம்பரின் முற்பகுதியையும், தென் அரைக்கோளத்தில் பிப்ரவரியையும் மார்ச்சின் முற்பகுதியையும் ஆகும்.

தொடங்குமுன்: நீருக்குள் நடப்பது என்ன?

நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கு மேல் சூடேறச் சூடேற இலேசாகும். வெயிலில் சூடான நீர் மேலே மிதக்க, குளிர்ந்த நீர் கீழே தங்கிவிட, கோடை முழுவதும் காற்று எவ்வளவு அடித்தாலும் இந்த இரண்டையும் கலக்க முடியாமல் போகிறது. இரண்டுக்கும் இடையில், ஒரு மீட்டர் இறங்கினாலே வெப்பநிலை 1 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும் அடுக்கு ஒன்று உருவாகும். தெர்மோகிளைன் எனப்படும் அதை இங்கே நடு அடுக்கு என்றே குறிப்பிடுகிறேன். நடு அடுக்குக்குக் கீழே உள்ள நீர் பல மாதங்களாகக் காற்றைத் தொடாமல் கிடக்கிறது. மேலிருந்து விழும் இறந்த பாசியையும் இலைகளையும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அங்கிருக்கும் ஆக்சிஜன் செலவாகிக்கொண்டே வருகிறது, புதிதாக வந்து சேர்வதற்கோ வழியில்லை. கோடையின் தொடக்கத்தில் மீன் தாராளமாகக் கிடைத்த ஆழத்தில் கோடைக் கடைசியில் ஒன்றுமே அகப்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

மேலடுக்கிலும் மீனுக்கு நெருக்கடிதான். கடல்மட்டத்தில் உள்ள நன்னீர் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துவைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது 9.1 ஆகவும் 30 டிகிரியில் 7.6 ஆகவும் குறைகிறது. ஆனால் வெப்பநிலை 10 டிகிரி கூடும்போது மீனின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வரவு சுருங்கும் அதே வேளையில் செலவு பெருகுவதால், மீன் வீணாக அலையாமல் தனக்கு ஒத்துவரும் ஒரு குறுகிய ஆழத்திலேயே ஒதுங்கி நிற்கிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருந்தால் பெரும்பாலான மீன்கள் இயல்பாக இரை தேடும். 3 மில்லிகிராமுக்குக் கீழே திணறத் தொடங்கும். வெளிக்காற்றைச் சுவாசிக்கவல்ல விரால் இதற்கு விதிவிலக்கு. கெண்டை ஓரளவுக்குத் தாங்கும். குளிர்நீர் மீனான டிரவுட் தாங்கவே தாங்காது.

படி 1: ஏரியின் ஆழத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத ஏரியில் நடு அடுக்கு நிலைத்து நிற்பதில்லை, பலத்த காற்று ஒரு நாள் அடித்தாலே நீர் முழுவதும் கலந்துவிடும். உங்கள் ஏரி அப்படிப்பட்டதானால் அடுத்த படியை விட்டுவிட்டு, நிழல், பாசி, காற்று ஆகியவற்றைச் சொல்லும் படிகளுக்கு நேராகப் போய்விடலாம். ஆழம் தெரியாவிட்டால் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கிப் பாருங்கள். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் இந்தப் பருவத்தில் கரையோரம் வெளிப்பட்டிருக்கும் பாறைகளையும் அடிமரங்களையும் பழைய ஓடைத் தடத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் மழைக்குப் பின் அவையெல்லாம் நீருக்குள் மறைந்து மீன் தங்கும் இடங்களாகிவிடும்.

படி 2: மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலையை அளந்து எழுதுங்கள்

வெறும் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினால், மேலே தூக்குவதற்குள் அதன் அளவு மாறிவிடும். அதனால் ஒரு சிறிய கண்ணாடிப் புட்டியின் அடியில் ஈயத்தைக் கட்டி, வாயைத் தக்கையால் மூடி, தக்கையைத் தனி நூலில் இணைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய ஆழத்துக்குப் புட்டி போனதும் நூலைச் சுண்டி இழுத்தால் தக்கை கழன்று, அந்த ஆழத்து நீர் உள்ளே நிறையும். இரண்டு நிமிடம் விட்டு, விரைவாக மேலே இழுத்து, வெப்பமானியைப் புட்டிக்குள் நுழைத்துப் பார்த்தால் போதும். படகிலிருந்தோ, ஆழத்தின் மேல் நீண்டிருக்கும் படகுத்துறையிலிருந்தோ இதைச் செய்யலாம். மிகையான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் விலையுயர்ந்த மீன்காட்டிக் கருவி, உணர்திறனைக் கூட்டி வைத்தால் மங்கலான ஒரு பட்டையாகக் காட்டித்தரும் அதே நடு அடுக்கைத்தான் இந்தப் புட்டியும் கண்டுபிடித்துத் தருகிறது.

எடுத்துக்காட்டாக, மேற்பரப்பிலிருந்து 2 மீட்டர் வரை 27 டிகிரி, 3 மீட்டரில் 26.5, 4 மீட்டரில் 26, 5 மீட்டரில் 22, 6 மீட்டரில் 18 என்று எண்கள் வருவதாகக் கொள்வோம். நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் எண் சட்டென்று விழுவதால் நடு அடுக்கு 4 மீட்டரில் தொடங்குகிறது. இரையை முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் அதற்குச் சற்று மேலே, அதாவது மூன்றரை மீட்டர் அளவில்.

கரையிலிருந்து வீசுபவர் இந்த எண்ணை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும். அடித்தரை சரிந்து செல்லும் வழியில் ஆழம் மூன்றரை மீட்டராக இருக்கும் இடத்தை ஈயக்குண்டால் தேடிப் பிடியுங்கள். நடு அடுக்கின் மேல்விளிம்பும் ஏரியின் தரையும் சந்திக்கும் அந்த வரியில், கெண்டையும் கெளுத்தியும் போன்று தரையில் மேயும் மீன்களும் அவற்றுக்கு மேலே நீந்தும் மீன்களும் ஒரே இடத்தில் நெருங்கி நிற்கின்றன. இந்தப் பருவத்தில் எனக்கு ஒரேயொரு இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க அனுமதி உண்டென்றால், அந்த வரியைத் தவிர வேறெதையும் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

படி 3: ஆக்சிஜன் எதுவரை இருக்கும் என்று மதிப்பிடுங்கள்

ஆக்சிஜனை அளக்கும் கருவி தொடக்க நிலையில் தேவையில்லை. 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வெள்ளைத் தட்டு ஒன்றில் கயிறு கட்டி, நிழலான பக்கத்தில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் கடல்நீரின் தெளிவை அளக்கக் கையாண்ட இந்த முறையை ஏரி ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தட்டு மறையும் ஆழத்தைப்போல் சுமார் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆழம் வரைதான் பாசி ஆக்சிஜனை உருவாக்குவதற்குப் போதிய வெளிச்சம் இறங்கும்.

மேலே சொன்ன ஏரியில் தட்டு 1.2 மீட்டரில் மறைந்தால், வெளிச்சம் மூன்றரை மீட்டர் அளவிலேயே தீர்ந்துவிடுகிறது. நடு அடுக்கிலும் அதற்குக் கீழும் ஆக்சிஜன் உருவாக வழியில்லாததால், இரையை 4 மீட்டருக்குக் கீழே இறக்குவது வீண். தட்டு 3 மீட்டர் வரை தெரிந்தால் கதை மாறுகிறது: வெளிச்சம் 6 மீட்டரையும் தாண்டுவதால் நடு அடுக்குக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கக்கூடும், ஐந்தாம் ஆறாம் மீட்டர்களிலும் முயன்று பார்க்கலாம். குளிர்நீரை நாடும் மீன்கள் அங்கேதான் நிற்கும்.

ஆழத்திலிருந்து இழுத்த ஈயக்குண்டில் கருஞ்சேறு ஒட்டியிருந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை என்று முடிவு செய்துவிடலாம். நீர்த்தாவரங்களிலும் வேறுபாடு பாருங்கள். பச்சையாக நிமிர்ந்து நிற்கும் தாவரம் பகலில் ஆக்சிஜனைத் தரும், சிறுமீன்களுக்கு ஒதுங்க இடமும் தரும். பழுப்பேறிச் சாய்ந்த தாவரம் அழுகும்போது ஆக்சிஜனைக் குறைக்கும். இரண்டும் கலந்து கிடக்கும் படுகையில் பச்சைத் திட்டுகளின் விளிம்பில் தூண்டிலைப் போட வேண்டும்.

படி 4: நேரத்தை ஏரியின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

விடியற்காலையே மீன்பிடிக்கச் சிறந்த நேரம் என்ற அறிவுரை எல்லா ஏரிக்கும் பொருந்தாது. தெளிந்த ஏரியில் அது சரி. இரவில் நீர் சற்றுக் குளிர்ந்திருக்கும், மங்கிய வெளிச்சத்தில் மீன் துணிந்து கரையோரம் வரும். ஆனால் பாசி அடர்ந்த பச்சை ஏரியில், பகலில் ஆக்சிஜனை வெளியிடும் அதே பாசி இரவு முழுவதும் அதைச் செலவழிப்பதால், விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைந்த நிலையில் இருக்கும். அத்தகைய ஏரிக்கு வெயில் தணியும் மாலை நேரமே ஏற்றது. பல நாள் மேகமூட்டம் நீடித்தால் பச்சை ஏரியில் மாலையிலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மீன்கள் கூட்டமாக மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அவை இரை தேடவில்லை, மூச்சுக்குத் திணறுகின்றன. அன்று தூண்டிலைப் போடாமல் திரும்பிவிடுங்கள்.

நண்பகலில்தான் வர முடியும் என்றால் படகுத்துறையின் அடி, சாய்ந்த மரங்களின் நிழல், ஓடை வந்து விழும் வாய் ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள்.

படி 5: காற்று தள்ளும் பக்கத்தைக் கவனியுங்கள்

ஒரு நாளுக்கு மேல் ஒரே திசையில் அடித்த காற்று, மேல்நீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் எதிர்க்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அவற்றைத் தின்னச் சிறுமீன்களும், சிறுமீன்களைத் தின்னப் பெருமீன்களும் அங்கே சேர்கின்றன. அலை மோதுவதால் ஆக்சிஜனும் கூடுகிறது. அதே வேளையில் அந்தக் கரையில் சூடான நீர் குவிந்து நடு அடுக்கு கீழே அழுந்துகிறது, காற்று புறப்படும் கரையில் அது மேலே எழுகிறது. ஆகவே ஒரு கரையில் அளந்த எண்ணை மறு கரையில் அப்படியே நம்பக் கூடாது.

காற்று தள்ளும் கரையில் பச்சை வண்ணப்பூச்சைக் கொட்டியதுபோல் ஏடு படிந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நச்சு சமைத்தாலும் அழிவதில்லை. அந்த நீரில் கையை நனைக்காதீர்கள், நாயை இறங்க விடாதீர்கள், அங்கே பிடித்த மீனை உண்ணவும் வேண்டாம்.

படி 6: குறித்த ஆழத்தில் இரையை நிறுத்துங்கள்

தூண்டில் நரம்பில் அசையாமல் கட்டிய மிதவைத் தக்கையோடு மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இரையை இறக்க வேண்டுமானால், கம்பின் நீளத்துக்கு மேல் நரம்பு தொங்குவதால் வீசவே முடியாது. ஓடும் தக்கையைப் பயன்படுத்துங்கள். முள்ளிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நரம்பின்மேல் மெல்லிய நூலால் இறுக்கமான ஒரு தடைமுடிச்சைப் போட்டு, அதற்குக் கீழே நரம்பு நுழையும் துளையுள்ள ஒரு சிறு மணி, பின் தக்கை, பின் ஈயம், கடைசியில் முள் என்ற வரிசையில் கோத்துக்கொள்ள வேண்டும். வீசும்போது தக்கை ஈயத்தின் அருகில் இருக்கும். நீரில் விழுந்ததும் ஈயம் நரம்பை இழுத்துக்கொண்டு இறங்க, தடைமுடிச்சு தக்கையைத் தொட்டவுடன் இரை நீங்கள் குறித்த ஆழத்தில் நின்றுவிடும். தக்கை பக்கவாட்டில் படுத்துவிட்டால் ஈயம் தரையில் அமர்ந்துவிட்டது என்று பொருள். முடிச்சை முள்ளை நோக்கிச் சிறிது நகர்த்துங்கள்.

இரைக்கு மண்புழு போதும். வேட்டையாடும் மீனைக் குறிவைப்பவர், அந்த ஆண்டு பிறந்த சிறுமீன்கள் இப்போது எந்த அளவில் நீந்துகின்றனவோ அந்த அளவிலேயே செயற்கை இரையைத் தேர்ந்தெடுக்கட்டும். கால் மணி நேரம் ஒன்றும் கொத்தாவிட்டால் இடத்தை மாற்றுவதற்கு முன் ஆழத்தை அரை மீட்டர் மாற்றிப் பாருங்கள்.

படி 7: பிடித்த மீனைக் கையாளுதல்

சூடான நீரில் போராடிக் களைத்த மீன் எளிதில் மீள்வதில்லை. நீரில் விடப்போகும் மீனை நீண்ட நேரம் இழுத்தடிக்காமல் கரை சேர்த்து, கையை நனைத்துக்கொண்டு, இயன்றவரை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். நீரின் வெப்பநிலை 20 டிகிரியைத் தாண்டினால் டிரவுட் மீனைப் பிடித்துத் திரும்ப நீரில் விடும் விளையாட்டே வேண்டாம். நீந்திப் போவதாகத் தோன்றினாலும் பிறகு இறந்துவிடக்கூடும். உணவுக்கு எடுப்பதானால் கயிற்றில் கோத்துக் கரையோர நீரில் தொங்கவிடாமல் உடனே கொன்று பனிக்கட்டியில் வையுங்கள். உரிமமும் அளவு வரம்பும் ஏரிக்கு ஏரி வேறுபடும். முதல் முறை போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் கார்பன் கம்பைக் கையில் வைத்திருக்காதீர்கள், அது மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வரை நீரோரம் திரும்ப வேண்டாம்.

எப்போது இந்த முறையை நிறுத்துவது?

இரவுகள் குளிரத் தொடங்கியதும் மேல்நீரின் வெப்பநிலை வாரத்துக்கு வாரம் இறங்கி, ஒரு நாள் புட்டியில் மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே எண் வரும். நீர் கலங்கி, கந்தக நாற்றம் வீசி, அடியில் கிடந்த சருகுகள் மேலே மிதந்தால் ஏரி தலைகீழாகக் கலந்துவிட்டது என்று அறியலாம். அதன்பின் நடு அடுக்கு இல்லை. மீன் எல்லா ஆழத்திலும் சிதறிவிடும். புட்டியையும் தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, நீர் தெளியும் வரை ஓடை வாயிலும் பச்சை மாறாத தாவரங்களின் ஓரத்திலும் ஆழமற்ற நீரில் தூண்டிலைப் போடுங்கள்.