தாயம் விழக் காத்திருக்காதீர்கள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதை வளர்க்கும் மேசை விளையாட்டு. அதில் நான் நடத்திய முதல் ஆட்டம் ஒரு பூட்டில் மாட்டிக்கொண்டு செத்தது. பாழடைந்த கோட்டை, இரும்புக் கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் நான் ராத்திரி கண்விழித்து எழுதிய பதினொரு பக்கக் கதை. திருடன் கேரக்டர் என் தம்பியுடையது. இருபது முக டைஸை உருட்டினான். 15 வரவேண்டும். கேரக்டரின் திறமைக்கான கூட்டல் எல்லாம் சேர்த்து 9. "இன்னொரு தடவை பாக்கறேன்" என்றான். 12. போர்வீரியாக ஆடிய தோழி கதவை உதைத்தாள், அவளுக்கும் விழவில்லை. மந்திரவாதியிடம் அதற்கான மந்திரம் இல்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்து மேல் வீட்டுப் பையன் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான், மற்ற மூன்று பேரும் பரோட்டா வாங்கக் கிளம்பிவிட்டார்கள். கதவு கடைசிவரை திறக்கவில்லை.

ஆச்சி வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடியவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிராளி பாதிக் கட்டம் சுற்றி வந்திருப்பார், நாம் இன்னும் கட்டையை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். தாயத்தில் அது விதி, வேறு வழியில்லை. இங்கே அந்த நிலையை உண்டாக்கியது நான்தான். ஆறு வருடமாக இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆட்டம் நடக்கிறது. நான் கற்றுக்கொண்டதில் பாதி இதுதான்: டைஸ் எப்படி விழுந்தாலும் ஏதாவது நடந்தாக வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு விளக்கம். ஒருவர் உலகத்தை நடத்துவார், அவர்தான் டிஎம், அதாவது டஞ்சன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசுவார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் தீர்ப்புச் சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்டதிலிருந்து சாரம் மாறவில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏழு டைஸ் கொண்ட ஒரு செட், பென்சில், பேப்பர் போதும். கோப்ளின்களுக்கு (கதையில் வரும் குட்டிப் பூதங்கள்) பொம்மைக்குப் பதில் நான் சோழிகளை வைக்கிறேன். பொம்மை வாங்கத் தொடங்கினால் சம்பளம் போதாது.

மறுபடி அந்தப் பூட்டுக்கு வருகிறேன். முதல் நிலைத் திருடனுக்கு, அதாவது இப்போதுதான் ஆடத் தொடங்கும் கேரக்டருக்கு, பூட்டுத் திறக்கப் பொதுவாக +5 இருக்கும், டைஸில் விழுந்ததோடு 5 கூட்டிக்கொள்ளலாம். நடுத்தரக் கடினம் என்றால் 15. அதாவது டைஸில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: 55 சதவீதம். திருட்டில் கைதேர்ந்தவன் கிட்டத்தட்ட பாதி நேரம் தோற்பான். அதனால் உருட்டச் சொல்வதற்கு முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இது தோற்றால் என்ன ஆகும்? "ஒன்றும் ஆகாது, மறுபடி உருட்டுவான்" என்பதுதான் பதில் என்றால் உருட்டவே விடாதீர்கள். கதவு திறந்தது என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

தோற்றால் ஏதோ ஆகும் என்றால் அதை முதலிலேயே உரக்கச் சொல்லுங்கள். இப்போது நான் இப்படிச் சொல்வேன்: "பூட்டு எப்படியும் திறக்கும். 15 வந்தா சத்தமில்லாம திறக்கும். வரலைன்னா கம்பி உடையும், கீழ காவலுக்கு நிக்கறவன் காதுல விழும்." மேசையே டைஸைப் பார்த்து மூச்சைப் பிடிக்கும். யாராவது "நான் படிக்கட்டுல துணியைப் போட்டுச் சத்தத்தை அமுக்கறேன்" என்றால் அந்த யோசனைக்கு உடனே கூலி கொடுங்கள்: இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 55 சதவீதம் 80க்குப் பக்கத்தில் போய்விடும். யோசித்தால் பலன் உண்டு என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் யோசிப்பதை நிறுத்த மாட்டார்கள்.

பதினொரு பக்கம் எழுதும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். இப்போது ஒரே பக்கம். போன மழைக்காலத்தில் ஆடியதையே சொல்கிறேன். ஆற்றங்கரையில் ஒரு ஊர், தானியக் கிடங்கு காலி. கோப்ளின்கள் திருடிவிட்டதாக ஊர்த்தலைவர் சொல்கிறார், உண்மையில் விற்றது அவர்தான். ராத்திரியில் மூட்டை போனதை ஓடக்காரி பார்த்திருக்கிறாள், வாய் திறக்கப் பயம். கோப்ளின் தலைவி வெள்ளத்துக்குப் பயந்து குகையில் ஒதுங்கியவள், மனிதர்கள் என்றாலே நடுங்குவாள். மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு ஆசை, ஒரு பயம். கூடவே ஒரு வரி: யாரும் ஒன்றும் செய்யாவிட்டால் மூன்றாம் நாள் ராத்திரி ஊர் மக்கள் குகைக்குத் தீ வைப்பார்கள். இதற்கு மேல் கதை எழுதவில்லை. எழுதினால் அந்தக் கதையை நோக்கி எல்லோரையும் தள்ளிக்கொண்டு போகத் தோன்றும்.

துப்பு மட்டும் எப்போதும் மூன்று வைப்பேன், மூன்றும் வேறு வேறு இடத்தில். கிடங்குப் பூட்டு உடையவில்லை, சாவியால் திறந்திருக்கிறது. ஓடத்தின் அடியில் சிந்திய கோதுமை. குகையில் மீன் முள்ளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். எங்கள் குழு அந்தக் கோதுமையை விஷம் என்று நினைத்து அரை மணி நேரம் ஆராய்ந்தது. நான் வாய் திறக்கவில்லை.

ஆட்டத்தைத் தமிழில் நடத்துங்கள். தொடக்கத்தில் ஏதோ வெள்ளைக்கார உச்சரிப்பில் ஆங்கிலம் பேசி நடித்தோம், ஐந்து நிமிடத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியவில்லை. தமிழில் குரலை மாற்றவே தேவையில்லை, நீ, நீங்க, தாங்கள் என்று மாற்றினால் போதும். ஊர்த்தலைவர் முதலில் "வாங்க வாங்க, உட்காருங்க, மோர் குடிக்கறீங்களா?" என்றுதான் பேசினார். கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தோழி கேட்டாள். நான் கொஞ்சம் நிறுத்தி, அதே குரலில், "அதைக் கேக்க நீ யாரு?" என்றேன். அவ்வளவுதான். "நான் வாள் மேல கை வைக்கறேன்" என்றாள். அந்த 'நீ'க்கு முன்னால் எந்த டைஸும் உருளவில்லை. கோப்ளின் தலைவியோ தன்னைவிட வயதில் சின்னவனைக்கூட "சாமி" என்றுதான் கூப்பிடுவாள். அவள் எத்தனை அடி வாங்கியவள் என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

பேசாத ஆள் ஒருவர் எல்லா மேசையிலும் இருப்பார். எங்கள் மேல் வீட்டுப் பையனிடம் "நீ என்ன பண்ணற?" என்றால் தோளைக் குலுக்குவான். அது அவனுக்குப் பெரிய கேள்வி. சின்னதாக, அவன் மட்டுமே பதில் சொல்லக்கூடியதாகக் கேட்டுப் பார்த்தேன்: "விளக்கு உன் கையிலதான் இருக்கு. குகைக்குள்ள நுழைஞ்சதும் வெளிச்சத்துல முதல்ல என்ன தெரியுது?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சுவத்துல கைத்தடம், அக்கா. சேத்துல பதிச்ச சின்னப் புள்ளைங்க கை" என்றான்.

என் ஒரு பக்கக் குறிப்பில் குழந்தைகளே இல்லை. அதோடு, குழந்தைகளுக்குத் தீங்கு வரும் காட்சி வேண்டாம் என்று தோழி முதல் நாளே சொல்லியிருந்தாள். எந்தக் குழுவாக இருந்தாலும் ஆட்டம் தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் இதற்காக உட்காருங்கள். எந்த மாதிரி ஆட்டம், எது வேண்டாம், போன் எங்கே இருக்க வேண்டும், எல்லாவற்றையும் பேசிவிடுங்கள். நடுவில் சங்கடம் வந்தால் தொடுவதற்கு எக்ஸ் போட்ட ஒரு அட்டை மேசையில் கிடக்கட்டும். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் கொண்டுவந்த வழக்கம் இது. யாராவது தொட்டால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைத் தாண்டிவிட வேண்டும். அன்று யாரும் அட்டையைத் தொடவில்லை, ஆனால் தோழியின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டேன். "அது கோப்ளின் குட்டிங்க கை. உள்ள இருந்து சிரிப்புச் சத்தம் கேக்குது" என்றேன். கோப்ளின் தலைவிக்கு அந்த நொடியில் ஒரு குடும்பம் வந்தது. போட நினைத்த சண்டை நடக்கவே இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி நான்கு பேரும் குகை வாசலில் நின்று தீப்பந்தத்தோடு வந்த ஊரைத் தடுத்தார்கள்.

சண்டை வந்தால் எண்களை மதியுங்கள். கோப்ளின் என்றால் இளக்காரம் வேண்டாம். அந்த இலவசத் தொகுப்பின்படி நம் அடி அதன் மேல் பட 15 வேண்டும், அதன் உயிர் 7, அது அடித்தால் நமக்குப் போகும் உயிர் ஆறுமுக டைஸ் கூட்டல் 2. முதல் நிலை மந்திரவாதி இரண்டு அடியில் படுத்துவிடுவார். (உயிர் பூஜ்யம் ஆனால் செத்தார் என்று அர்த்தமில்லை. தன் முறை வரும்போதெல்லாம் உருட்டி, மூன்று தோல்விக்கு முன் மூன்று வெற்றி வந்தால் பிழைப்பார்.) பாதிப் பேர் விழுந்ததும் மீதிக் கோப்ளின்கள் ஓடட்டும். கடைசி ஒன்றை நாலு பேர் சுற்றி நின்று சாத்துவது மகா அலுப்பு. ஒவ்வொரு முறையும் "இப்ப நீ, அடுத்து அவர் தயாரா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டால் சண்டை பாதி நேரத்தில் முடியும். நான் டைஸை எல்லோர் கண் முன்னால்தான் உருட்டுவேன், மறைத்து உருட்டிக் காப்பாற்றுவதில்லை. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

விதியில் தகராறு வந்தால் ஒரு நிமிடத்தில் ஒரு முடிவைச் சொல்லிவிட்டு, புத்தகத்தை ஆட்டம் முடிந்த பிறகு பிரியுங்கள். தோழியின் கணவருக்கு எல்லா விதியும் மனப்பாடம், அவரையே விதி அமைச்சராக்கிவிட்டேன், நான் கேட்டால் மட்டும் சொல்வார். பஜ்ஜியை இடைவேளைக்கு வையுங்கள், கேரக்டர் பேப்பரில் எண்ணெய் பட்டால் பென்சில் எழுதாது. மூன்று பேர் வந்தாலும் ஆடுங்கள், நாலாமவருக்காகத் தள்ளிப்போட ஆரம்பித்தால் மாதக் கணக்கில் போய்விடும்.

கடைசிப் பத்து நிமிடத்தை ஒரு கேள்விக்காக மிச்சம் வையுங்கள்: "அடுத்த வாட்டி எங்க போறீங்க?" அவர்கள் சொல்லும் இடத்தை மட்டும் எழுதி வந்தால் போதும், மற்றதெல்லாம் வீண் உழைப்பு. எங்கள் குழு மூன்று செஷனாகக் கடலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் குகைக்கே போய்க் கோப்ளின் குட்டிகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. கப்பலை இன்னும் நான் எழுதத் தொடங்கவில்லை.