ஊரடங்குத் தளர்வை எடைபோடும் கருவிகள்: பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருந்தொற்றுக் காலத்தில் எந்தத் துறையை எந்த அளவுக்குத் திறக்கலாம் என்று ஆராய உதவும் ஊடாட்டக் கருவிகள் பலவற்றில் உணவகம், உடற்பயிற்சிக் கூடம், பள்ளி என ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடர் இருக்கும். அதை நகர்த்தினால் ஒருபுறம் தொற்று எண்ணிக்கையும் மறுபுறம் வருவாயும் மாறும்.

இவற்றைக் கையாளும்போது நேரும் தவறுகளில் மிகப் பெரியது, ஒரு துறையைத் திறந்து பார்த்து, பாதிப்பைக் குறித்துக்கொண்டு, அதை மூடிவிட்டு அடுத்த துறையைத் திறந்து பார்ப்பதாகும். ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்று பரவுகிறது என்பதைச் சொல்லும் ஆர் மதிப்பு 0.9 என்று கொள்வோம். 100 பேரிடமிருந்து தொடங்கினால், பத்தாவது சுற்றில் புதிதாகத் தொற்றுக்கு ஆளாவோர் ஏறக்குறைய 35 பேர். ஒரு துறையைத் திறப்பதால் ஆர் மதிப்பு 0.1 கூடினால், அந்த எண்ணிக்கை 100 ஆகிறது; அதாவது 65 பேர் கூடுதல். அதே அளவு பாதிப்புள்ள இன்னொரு துறையையும் சேர்த்துத் திறந்தால் 165 பேர் என்று மனக்கணக்கு சொல்லும். உண்மையில் வருவது 259. தொற்று கூட்டல் கணக்கில் வளர்வதில்லை. ஆகவே திறக்க நினைக்கும் எல்லாத் துறைகளையும் ஒன்றாகத் திறந்து வைத்தே முடிவைப் பார்க்க வேண்டும்.

திறப்பு, மூடல் என்ற இரண்டு நிலைகளை மட்டும் சோதிப்பதும் தவறே. கைபேசி நடமாட்டத் தரவுகளைக் கொண்டு அமெரிக்காவின் 10 பெருநகரப் பகுதிகளை ஆராய்ந்து 2020 நவம்பரில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, சிகாகோவில் ஓர் இடத்தின் கொள்ளளவில் 20 சதவீதத்துக்கு மேல் ஆட்களை அனுமதிக்காவிட்டால், முழுமையாகத் திறப்பதோடு ஒப்பிடுகையில் புதிய தொற்றுகள் 80 சதவீதத்துக்கு மேல் குறையும் என்றும், இழக்கும் வருகைகள் 42 சதவீதம்தான் என்றும் கணித்தது. நெரிசல் நேரம் மட்டுமே வெட்டுப்படுவதால், கூட்டம் குறைந்த வேளைகளில் வருவோருக்குத் தடையில்லை. ஸ்லைடரின் நடுப்பகுதியைத் தொடாதவர்கள் இதைக் காணவே மாட்டார்கள்.

வருவாய்ப் பக்கத்தில், கதவைத் திறந்தால் வாடிக்கையாளர் திரும்பிவிடுவார் என்ற அனுமானம் பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. பொருளியலாளர்களான ஆஸ்டன் கூல்ஸ்பீயும் சாட் சைவர்சனும் 2020இல் ஆராய்ந்தபோது, அமெரிக்காவில் கடைகளுக்கும் பிற வணிக இடங்களுக்கும் வருவோர் எண்ணிக்கை 60 சதவீதம் சரிந்திருந்தது; அதில் சட்டக் கட்டுப்பாடுகளின் பங்கு 7 சதவீதப் புள்ளிகள் மட்டுமே. மீதியில் பெரும்பகுதி மக்கள் அஞ்சித் தாமாகவே ஒதுங்கியதன் விளைவு. தொற்று ஏறினால் வருவாய் தானே இறங்குமாறு கணக்கிடாத கருவி, திறப்பின் பலனை மிகைப்படுத்தியே காட்டும்.

இன்றைய தொற்று எண்ணிக்கையை இன்றைய நிலவரம் என்று உள்ளிடுவதும் பிழைதான். அறிகுறி தோன்றவும் பரிசோதனை முடிவு வரவும் நாள்கள் ஆவதால், அது கடந்த வாரத்தின் படம்.

கடைசியாக, கருவியின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஓர் எண்: ஓர் உயிரிழப்பைத் தவிர்ப்பதற்குக் கருவி வைத்திருக்கும் பண மதிப்பு. பெருந்தொற்றின்போது அமெரிக்க அரசு அமைப்புகள் ஏறக்குறைய 1 கோடி டாலர் என்ற மதிப்பைக் கையாண்டன. எஞ்சிய ஆயுளைக் கொண்டு கணக்கிட்டால் முதியோரின் இறப்புக்கு எடை வெகுவாகக் குறைந்துவிடும். அந்த எண்ணை ஒருமுறை பாதியாக்கியும் ஒருமுறை இரட்டிப்பாக்கியும் பாருங்கள். பரிந்துரை தலைகீழானால், அந்த முடிவைத் தந்தது தொற்றுத் தரவன்று, அந்த ஓர் எண்தான்.