பன்மைத்துவப் பயிற்சி: நம் கடற்கரை நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் வட்டாரத்து நண்டு கம்பெனிகளிலும் ஐஸ் கம்பெனிகளிலும் இராமேசுவரத்து விடுதிகளிலும் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே ஊராரும் அல்லர், ஒரே சமயத்தாரும் அல்லர். தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கப் பெண்களும், வேதாளை, மரைக்காயர்பட்டினம் பக்கத்து இசுலாமியப் பெண்களும், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து போகும் பட்டியல் சமூகத்தவரும், மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழரும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்களும் ஒரு கூரையின்கீழ் கூலி வாங்கும் இடங்கள் இங்கே உண்டு. இத்தகைய இடத்தில் பன்மைத்துவப் பயிற்சி, அதாவது வேறுபட்ட பின்னணியினர் பாகுபாடின்றிச் சேர்ந்து வேலை செய்யப் பழக்கும் வகுப்பு, ஒழுங்காக நடந்தால் பயன் கண்கூடானது: மனக்குறை முற்றிச் சண்டையாவதற்கு முன்பே வெளியே வரும், கை பழகிய ஆட்கள் பாதியில் நின்றுவிட மாட்டார்கள், ஆபத்து நேரத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியும். ஆனால் பெரும்பாலும் அது ஒழுங்காக நடப்பதில்லை.

முதல் தவறு, யாரை உட்கார வைப்பது என்பதில் நேர்கிறது. தொழிலாளர்களைத் தரையில் வரிசையாக அமர்த்திவிட்டு, சூப்பர்வைசரைக் கதவருகே கண்காணிக்க நிறுத்துகிறார்கள். பாகுபாடு எங்கே நடக்கிறது என்பதை அறிந்தவர் இப்படிச் செய்ய மாட்டார். நண்டுச் சதை பிரிக்கும் மேசையை எடுத்துக்கொள்வோம். கூலி கிலோக் கணக்கில். வேகவைத்த பெரிய நண்டு கூடையில் வந்தால் சதை விரைவில் சேரும்; பொடி நண்டு வந்தால் அதே நேரத்தில் அதே கை பாதி எடைகூடக் காட்டாது. ஆகவே எந்த மேசைக்கு எந்தக் கூடை போகிறது என்பதே அன்றைய வருமானத்தைத் தீர்மானிக்கிறது. அதை முடிவு செய்பவர் சூப்பர்வைசர். அவர் தம் ஊர்ப் பெண்கள் பக்கம் நல்ல கூடையைத் தள்ளுவது தீய எண்ணத்தால்தான் என்று சொல்ல முடியாது. பழக்கம், முகத்தாட்சண்யம், "நம்ம அக்கா" என்ற உரிமை, இவையே போதும். கூலி இவ்வாறு பிரியும் இடத்தில், எல்லோரும் சமம் என்று கீழே அமர்ந்திருப்பவர்களுக்குப் பாடம் எடுப்பதில் பொருளில்லை.

அதற்காக சூப்பர்வைசரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவதும் தவறே. அமெரிக்காவில் 800க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் முப்பது ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்த சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபினும் அலெக்சாண்டிரா கலேவும் 2016இல் எழுதியது இதைத்தான் காட்டுகிறது. மேலாளர்களைக் கட்டாயப்படுத்தி நடத்திய வகுப்புகள் ஐந்தாண்டு கழித்தும் எதிர்பார்த்த மாற்றத்தைத் தரவில்லை. சில பிரிவினரின் நிலை முன்பைவிடப் பின்தங்கியது. மேலாளர்களையே தீர்வு தேடும் வேலையில் ஈடுபடுத்திய இடங்களில் பலன் தெரிந்தது. அந்நாட்டின் சிக்கல் இனம் சார்ந்தது, நம்முடையது வேறு. ஆனாலும் அதட்டினால் மனிதர் முறுக்கிக்கொள்வது எங்கும் ஒன்றுதான். கூடைகளை முறைவைத்து மேசைகளுக்கு மாற்றும் பட்டியலை சூப்பர்வைசரையே எழுதச் சொல்லி, அதைச் சுவரில் ஒட்டச் செய்வது இரண்டு மணி நேரச் சொற்பொழிவைவிட மேலானது.

பாடப்பொருள் பற்றிய தவறு இன்னும் ஆழமானது. பெருநகர நிறுவனங்களுக்கென ஆயத்தமான படவில்லைகளை அப்படியே கொண்டுவந்து, வெள்ளையர், கறுப்பர் படங்களைக் காட்டிவிட்டு, சாதி என்ற சொல்லையே உச்சரிக்காமல் பயிற்சியாளர் விடைபெறுகிறார். இங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் முதல் நாளே "எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்? யாரு வீட்டுப் பிள்ளை?" என்று மூன்று கேள்விகள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் கேள்வி நலம் விசாரிப்பு. மூன்றாவது என்ன விசாரிப்பு என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தேநீர் வேளையில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரும், கழிவறை சுத்தம் செய்யும் அம்மாவுக்கு மட்டும் காகிதக் கோப்பையும் போவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் "சுகாதாரம்" என்பார்கள். தீண்டாமையை அரசமைப்பின் 17ஆம் உறுப்பு ஒழித்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இந்தக் கோப்பையைப் பற்றிப் பேசாத பயிற்சியை இந்த மாவட்டத்தில் நடத்தாமலே இருக்கலாம்.

கூட்டத்தில் ஒருவரைச் சுட்டி, "நீங்க சொல்லுங்க பாய், உங்க ஆளுங்க என்ன நினைப்பாங்க?" என்று கேட்பதையும் தவிர்க்க வேண்டும். முகாமிலிருந்து வந்தவரை எழுப்பி நிறுத்தி அவருடைய கதையைச் சொல்லச் சொல்வதும் இதே வகைதான். அவர் கூலிக்கு வந்தவர். ஒரு சமூகத்தின் சார்பாளராக வந்தவர் அல்லர்.

மொழி விஷயத்தில் நேரும் தவறு உயிருக்கே ஆபத்தானது. ஐஸ் கம்பெனிகளில் குளிரூட்ட அமோனியா பயன்படுகிறது. கசிவு ஏற்பட்டால் எந்தப் பக்கம் ஓடுவது, எந்த வால்வை யார் மூடுவது என்பதை ஒடியா மட்டுமே அறிந்த ஒருவருக்குத் தமிழில் சொல்லிக் கையொப்பம் வாங்கி வைப்பது வெறும் ஏட்டுச் சடங்கு. இதற்குத் தீர்வாக, வடமாநிலத்து ஆட்களில் தமிழ் தெரிந்த ஒருவரை மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். அவர் பல இடங்களில் ஆட்களை அழைத்துவந்த ஏஜெண்டின் மனிதராகவே இருப்பார். முன்பணம், கூலிப் பிடித்தம், தங்குமிடம் எல்லாம் அவர் கையில் இருக்கும். அவரைப் பற்றிய குறையை அவர் வாய்வழியே யார் சொல்வார்? பாதுகாப்பு விளக்கத்துக்கு அவர் உதவலாம். குறை கேட்கும் நேரத்தில் வெளியாள் ஒருவர் வேண்டும், தொலைபேசி வழியாகவேனும்.

நேரம் குறிப்பதிலும் கவனம் தேவை. வெள்ளிக்கிழமை நண்பகலிலோ, ஞாயிறு பூசை நேரத்திலோ, ஆடி அமாவாசைக்கு இராமேசுவரத்து விடுதிகள் நிரம்பி வழியும் நாளிலோ பன்மைத்துவப் பயிற்சி வைப்பவரை என்ன சொல்வது! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு நண்டு வரத்து முற்றாக நிற்பதில்லை என்றாலும் வேலை தளர்ந்திருக்கும். அந்தக் காலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் கிலோக் கூலிக்காரருக்குப் பயிற்சி நேரம் சம்பளமில்லா நேரமாகிவிடக் கூடாது. வழக்கமாகக் கிடைக்கும் கூலியை ஈடுகட்டாமல் உட்கார வைத்தால், அவர் மனம் மேசையில்தான் இருக்கும்.

சட்டத்தைத் தவறாகக் கணக்கிடுவது மற்றொன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இன்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பெண் ஒருவர் தலைமையேற்க வேண்டும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளி உறுப்பினர் ஒருவரும் வேண்டும். "என் மஸ்டர் ரோலில் ஏழு பேர்தான்" என்று முதலாளி கைவிரிக்க முடியாது, ஏனெனில் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரும் தினக்கூலியும் தொழில் பழகுநரும் சட்டத்தின் பார்வையில் பணியாளரே. குழு அமைக்கத் தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. உண்மையாகவே பத்துக்குக் குறைவானவர்கள் உள்ள இடத்திலும், முதலாளியே எதிராளியாக இருக்கும் நிலையிலும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். புகாரை 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இதை எல்லாம் பயிற்சியில் சொல்லிவிட்டுக் குழு உறுப்பினர்களின் தொலைபேசி எண்களை முதலாளி அறைச் சுவரில் ஒட்டுவது வீண். பெண்கள் உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டலாம்.

கடைசியாக, அளவிடும் முறை. வருகைப் பதிவேடும், பதாகையின் முன் எடுத்த குழுப் படமும் பயிற்சி நடந்ததற்குச் சான்று; பயன்பட்டதற்குச் சான்றல்ல. ஆறு மாதம் கழித்துச் சில கணக்குகளைப் பார்த்தால் போதும். எடைப் பதிவேட்டில் ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் உள்ள இடைவெளி குறைந்திருக்கிறதா, வேலையை விட்டு நின்றவர்கள் எந்தப் பிரிவினர், அடுத்த சூப்பர்வைசராக யார் பெயர் பேசப்படுகிறது என்று பார்க்க வேண்டும். புகார்களின் எண்ணிக்கை முதலில் கூடினால் முதலாளிகள் பதறுகிறார்கள், பயிற்சிதான் ஆட்களைத் தூண்டிவிட்டது என்கிறார்கள். அதுவரை வாய் திறக்காதவர்கள் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும். அந்த நேரத்தில் பயிற்சியை நிறுத்திவிட்டால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.