அடிக்கடி நின்றுபோகும் பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்: பாகம் வாங்கும் முன் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பல வருடம் உழைத்த கம்ப்யூட்டர் திடீரென அணைகிறதா, ஹேங் ஆகிறதா, நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆகிறதா? உடனே பாகம் வாங்கப் போகாதீர்கள். பழுது எதிலென்று தெரியாமல் ரேம், எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), ஹார்ட் டிஸ்க் என ஒவ்வொன்றாக மாற்றினால் காசு கரையும், பழுது அப்படியே இருக்கும். கீழே உள்ள சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செலவே கிடையாது. ஒரு ஸ்க்ரூடிரைவர், மென்மையான பிரஷ், 8 ஜிபி பென் டிரைவ், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

முதல் வேலை பேக்கப். கணக்கு, கடிதம், மெயில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு இன்றே நகலெடுத்துவிடுங்கள். பழுது ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், நீங்கள் ஓட்டும் சோதனையே அதன் கடைசி ஓட்டமாகிவிடலாம்.

எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நேரம், அப்போது நடந்த வேலை, நின்ற விதம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். நான்கைந்து முறை எழுதியதுமே பாதி விடை தெரிந்துவிடும். கரண்ட் போனதுபோல் சட்டென்று அணைந்தால் பெரும்பாலும் சூடு, எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் மூன்றில் ஒன்று. மவுஸ் நகராமல் உறைந்து, டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைப்பெயர் வந்தால் பெரும்பாலும் ரேம். ஒரே பெயரும் ஒரே ஃபைலும் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் டிரைவர், அதாவது ஒரு பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்.

நீலத்திரையைப் படிக்க நேரமே கிடைப்பதில்லையா? சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குள் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி இருக்கும். அதில் ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். அதன்பின் திரை அப்படியே நிற்கும், போனில் படமெடுத்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினால் நாள்வாரியாகப் பிழைகளின் வரலாறு வரும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்றிருப்பதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் ஏராளம். அது தவறு. கம்ப்யூட்டர் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே 41 சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்: 7 என்றால் டிஸ்க்கில் கெட்ட பகுதி, 153 என்றால் ஒரே தகவலைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது என்று பொருள்.

சூடு

பழைய மெஷினில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு வெப்பநிலையைக் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி செல்சியஸ் சாதாரணம். வேலை கொடுத்ததும் 90ஐத் தாண்டினால் காற்று போகவில்லை என்று பொருள். பல ப்ராசஸர்கள் 100 டிகிரிக்கு அருகே தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

பவர் கேபிளைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பிறகு மூடியைத் திறங்கள். ஃபேனுக்கு மேல் தெரியும் தூசியைத் துடைத்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஃபேனுக்கு அடியில், ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். காற்றை அடைப்பது அதுதான். ஃபேன் சுழலாதபடி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷாலோ ஊதியோ எடுங்கள். வீட்டு வாக்குவம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் மதர்போர்டைக் கெடுக்கலாம்.

தூசி எடுத்தும் சூடு குறையாவிட்டால் ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஹீட்சிங்கைக் கழற்றும் முன் மெஷினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், பேஸ்ட் இளகும். நேராக இழுக்காமல் மெல்லத் திருகி எடுங்கள். இழுத்தால் சில மாடல்களில் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். பழைய பேஸ்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். அதிகம் வைத்தால் குளிர்ச்சி அதிகரிக்காது, ஓரத்தில்தான் வழியும்.

ரேமும் டிஸ்க்கும்

ரேமைக் கழற்றி, தங்கநிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிப்பான் கொண்டு லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரு பக்கக் கிளிப்பும் கிளிக் ஆகும்வரை அழுத்தி மாட்டுங்கள். பல பழைய மெஷின்கள் இதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் பென் டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஏற்றி இரவு முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். உடனே ரேமை எறிந்துவிடாதீர்கள்: ஒவ்வொரு குச்சியையும் தனியாகப் போட்டு, ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். குச்சி எங்கே போனாலும் பிழை கூடவே போனால் குச்சி கெட்டது. ஒரே ஸ்லாட்டில் மட்டும் வந்தால் போர்டு.

டிஸ்க்குக்கு, அதன் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் போதும். ஹார்ட் டிஸ்க்கில் கெட்டுப்போன அல்லது படிக்க முடியாத பகுதிகளை எண்ணும் 05, சி5, சி6 ஆகிய வரிகளைப் பாருங்கள். சி5 வாராவாரம் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தகவல் சிதைகிறது என்பதுதான் அதற்குப் பொருள், பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். கேபிளை மாற்றிப் பாருங்கள். சி7 எண்ணிக்கை பழையபடி குறையாது, மேலே ஏறாமல் நின்றாலே வெற்றி.

மின்சாரம்

கம்ப்யூட்டரை யுபிஎஸ்ஸிலிருந்து எடுத்து நேரடியாகச் சுவர் பிளக்கில் ஒருநாள் ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் பழுது யுபிஎஸ்ஸில், பெரும்பாலும் அதன் பேட்டரியில். லேசர் பிரிண்டரை அதே யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது, சூடாகும் நேரத்தில் அது இழுக்கும் மின்சாரத்தை யுபிஎஸ் தாங்காது.

மல்டிமீட்டர் இருந்தால், வேலை நடக்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள், கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். தேதி அடிக்கடி பழையதாக மாறினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள்.

விண்டோஸா, ஹார்ட்வேரா?

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை பென் டிரைவிலிருந்து நேரடியாக ஏற்றி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அரைநாள் வேலை வாங்குங்கள். அதிலும் நின்றால் விண்டோஸை மறந்துவிடலாம், பழுது ஹார்ட்வேரில். அதில் ஓடி விண்டோஸில் மட்டும் நின்றால் டிஸ்க், டிரைவர், விண்டோஸ் ஃபைல்கள் மூன்றும் மிச்சம். டிஸ்க்கைத்தான் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்களே. கடைசியாகப் போட்ட டிரைவரையோ மென்பொருளையோ நீக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். செய்தால் எது சரியாக்கியது என்றே தெரியாமல் போகும்.

ரேம், டிஸ்க், எஸ்எம்பிஎஸ் எல்லாம் நல்லபடி இருந்தும் நிற்கிறதா? மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அந்த போர்டுக்கு மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். எஸ்எஸ்டி இருந்தால் அடுத்த மெஷினுக்கு உதவும். டிடிஆர்3 ரேம் டிடிஆர்4 போர்டில் பொருந்தாது. பெட்டியைக் கழிவுக்குக் கொடுக்கும் முன் டிஸ்க்கை மறக்காமல் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.