சாலையோரம் வசிப்பவர்களுக்குப் பணம் கொடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் பாரிமுனை, சவுகார்பேட்டை, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் சுற்றுப்புறம் ஆகிய இடங்களில் கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகு குடும்பம் குடும்பமாக நடைபாதையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அவர்களைக் கண்டதும் சட்டைப்பையைத் துழாவத் தொடங்குவதுதான் இரக்கமுள்ளவர்கள் செய்யும் முதல் தவறு. நடைபாதையில் உறங்குபவர் என்றாலே பிச்சை எடுப்பவர் என்று அவர்கள் கேட்காமலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். பாரிமுனைப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகத் தெருவிலேயே வாழ்ந்துவரும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் மூட்டை தூக்குபவர்களும், மீன்பாடி வண்டி மிதிப்பவர்களும், பூக்கட்டி விற்பவர்களும், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவப் போகிறவர்களும் இருக்கிறார்கள். உழைத்துக் களைத்துப் படுத்திருப்பவரின் கையில் பத்து ரூபாயைத் திணித்தால் அவருக்கு மகிழ்ச்சியைவிடக் கூச்சமே மிஞ்சும். அரசு மருத்துவமனை வாசலில் துண்டு விரித்துப் படுத்திருப்பவர்களிலும் பலர் வெளியூரிலிருந்து நோயாளிக்குத் துணையாக வந்தவர்களே. கேட்பவருக்குக் கொடுக்கலாம், கேட்காதவரிடம் முதலில் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பதே முறை.

உறங்குபவரின் தலைமாட்டில் ரூபாய் நோட்டைச் செருகிவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும் வழக்கமும் சிலருக்கு உண்டு. தெருவில் உறங்குபவர்களின் பணமும் கைப்பேசியும் இரவில்தான் களவு போகின்றன என்பதையும், விழித்திருக்கும் வேறொருவர் அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. பகலில், அவர் விழித்திருக்கும்போது, அவர் கையிலேயே கொடுப்பது நல்லது.

அடுத்தது, ‘காசு கொடுத்தால் குடித்துவிடுவார்’ என்னும் எண்ணம். சிலர் குடிப்பார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் எல்லாரும் அப்படித்தான் என்று கொள்வதற்கு ஆதாரம் மிகக் குறைவு. கனடாவின் வான்கூவர் நகரில், வீட்டை இழந்து அதிக காலம் ஆகாத 50 பேருக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் தலா 7,500 கனடிய டாலர் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2023இல் வெளியான முடிவுகளின்படி, மது, புகையிலை போன்றவற்றுக்கு அவர்கள் செய்த செலவு கூடவில்லை, தெருவில் கழித்த நாட்கள் குறைந்தன. கடுமையான போதைப் பழக்கமோ மனநலச் சிக்கலோ உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும், அங்கே ஒரே தவணையில் கொடுக்கப்பட்டது ஒரு பெருந்தொகை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதை வைத்துக்கொண்டு சிக்னலில் கொடுக்கும் இருபது ரூபாய் ஒருவரின் வாழ்க்கையை மாற்றிவிடும் என்று பேசுவதும் தவறுதான். என் கருத்தில், சிறு தொகை கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லை. மனம் ஒப்பவில்லை என்றால் கொடுக்காமல் விடலாம், கொடுத்துவிட்டு, ‘சாப்பாட்டுக்குத்தானே?’ என்று மிரட்டுகிற தோரணையில் விசாரிப்பதைத்தான் தவிர்க்க வேண்டும்.

இந்தச் சந்தேகத்திலிருந்தே, பணத்தைவிடச் சாப்பாட்டுப் பொட்டலம்தான் எப்போதும் மேல் என்ற முடிவும் பிறக்கிறது. பெரியவர்களின் பிறந்த நாள், நினைவு நாள், பண்டிகை என்று வந்துவிட்டால் ஒரே தெருவுக்கு இரண்டு மூன்று வண்டிகளில் பிரியாணியும் தயிர் சாதமும் வந்து இறங்கும். அதே தெருவில் சாதாரண செவ்வாய்க்கிழமையன்று எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. விருந்தில் மிஞ்சியதை நள்ளிரவில் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், அது கெட்டுப்போகும் நிலையில் இருக்கிறதா என்று முகர்ந்தாவது பார்க்க வேண்டும். தெருவில் வசிப்பவருக்கு வயிறு ஒன்று மட்டுமே இல்லை. கட்டணக் கழிப்பறை, குளியல், சோப்பு, மாதவிடாய் நாப்கின், மாத்திரை, பஸ் கட்டணம், செல்போன் ரீசார்ஜ் என்று ஒவ்வொன்றும் அவருக்குக் காசுச் செலவு. வீட்டில் இருப்பவர் தண்ணீருக்காகத் தினமும் சில்லறை எண்ணுவதில்லை, தெருவில் இருப்பவர் எண்ண வேண்டியிருக்கிறது. அதோடு, 2013இல் சென்னையில் தொடங்கப்பட்ட அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று விலை வைக்கப்பட்டது. அத்தகைய உணவகம் பக்கத்தில் இருக்கும் இடத்தில் நீங்கள் கொடுக்கும் இருபது ரூபாய் சாப்பாடாகவும் ஆகும், மிச்சத்துக்கு மாத்திரையும் வாங்கும். (கடையில் வாங்க மறுத்த பத்து ரூபாய் நாணயத்தையும், ஒட்டுப்போட்ட நோட்டையும் தள்ளிவிட இதுதான் இடம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். பத்து ரூபாய் நாணயம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியிருக்கிறது. நீங்களே கடையில் வாதாடிக் கொடுக்க முடியாததை அவர் எப்படிக் கொடுப்பார்?)

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். சிக்னலில் கை நீட்டும் சிறுவனுக்கோ, பேனாவும் பலூனும் விற்கும் சிறுமிக்கோ பணம் கொடுத்தால், அந்தக் குழந்தை நாளையும் வண்டிகளுக்கு நடுவிலேயே நிற்கும். வருமானம் வரும் இடத்தைவிட்டு அதைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் யாருக்கும் மனம் வராது. குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்துபவருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ஐந்தாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அதற்காக, கைக்குழந்தையோடு நிற்கும் ஒவ்வொரு பெண்ணையும் பிள்ளை பிடிக்கும் கும்பலைச் சேர்ந்தவர் என்று முடிவு கட்டி, கூட்டம் சேர்த்து அடிக்கப் போவது அதைவிடப் பெரிய தவறு. அவர் பெரும்பாலும் அந்தக் குழந்தையின் தாயாகவே இருப்பார். சந்தேகம் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்து, இடத்தையும் நேரத்தையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

கொடுக்கும் கையைப் படம் எடுத்துப் போடுவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எடுக்காதீர்கள்.

பணத்தால் தீராத நிலையில் இருப்பவருக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விடுவதும் அடிக்கடி நடக்கிறது. காலில் புழுவைத்த புண்ணோடு கிடப்பவருக்குத் தேவை 108 ஆம்புலன்ஸ். தனக்குத்தானே பேசிக்கொண்டு, கொடுத்த நோட்டைக் கிழித்தெறிகிறவருக்குத் தேவை சிகிச்சை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மனநோயோடு அலைந்து திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் பரிசோதனைக்குச் சேர்ப்பது காவல் துறையின் கடமை. அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும், வீடற்ற மனநோயாளிகளுக்காக 1993 முதல் இயங்கிவரும் பேனியன் அமைப்பும் இருக்கின்றன.

சட்டத்தைப் பற்றி அரைகுறையாகப் பேசுவதையும் தவிர்க்கலாம். தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டின் பிச்சை எடுத்தல் தடைச் சட்டம் இருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம், அங்கு நடைமுறையில் இருந்த இத்தகைய சட்டத்தின் பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகளை 2018இல் செல்லாதவை என்று அறிவித்தது. இந்தூர் நகரமோ எதிர்த்திசையில் சென்று, 2025 ஜனவரி முதல் பிச்சை இடுபவர்மீதே வழக்குப் பதிவு செய்யப்படும் என்று அறிவித்தது. ஊருக்கு ஊர் விதி மாறுவதால், வெளியூர்ச் செய்தியைக் காட்டித் தெருவில் இருப்பவரை மிரட்டுவதில் நியாயம் இல்லை.

கடைசியாக, ‘அரசு காப்பகம் இருக்கிறதே, அங்கே போகலாமே’ என்ற அறிவுரை. நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வலியுறுத்தியது. சென்னை மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்கள் வழியாகக் காப்பகங்களை நடத்துகிறது. ஆனால் அவற்றில் பல ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, முதியோருக்கு எனப் பிரிக்கப்பட்டவை. கணவன், மனைவி, பிள்ளைகள் பிரியாமல் தங்குவதற்கும், வண்டியையும் மூட்டையையும் உடன் வைத்துக்கொள்வதற்கும் அங்கே இடம் கிடைப்பது அரிது. விடியற்காலையில் கோயம்பேட்டிலோ கொத்தவால்சாவடியிலோ வேலைக்கு நிற்க வேண்டியவருக்கு நகரின் மறுகோடியில் உள்ள கட்டில் பயன்படாது. அந்தக் காப்பகத்துக்கு நீங்களே முதலில் பேசி, யாரைச் சேர்ப்பார்கள், இன்றைக்கு இடம் இருக்கிறதா, என்ன சான்று கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு, முகவரியைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, பஸ் கட்டணத்தோடு சேர்த்துக் கொடுத்தால், போவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.